வேகமான காருக்கு பிரேக் டிஸ்க்கும் பேடும்: தேர்வு முதல் பழக்குவது வரை முழு வழிகாட்டி

பிரேக்கை மேம்படுத்தலாம் என்று இறங்குபவர்களில் பலர் முதலில் வாங்குவது துளை போட்ட டிஸ்க். கடைசியில்தான் பிரேக் ஆயில் நினைவுக்கு வருகிறது. பணமும் நேரமும் வீணாவதற்கு இந்தத் தலைகீழ் வரிசையே காரணம் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். முதலில் குறை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து டயர், பிறகு ஆயில், பிறகு பேட், எல்லாவற்றுக்கும் பின்னால்தான் டிஸ்க். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. ரோட்டார் என்று விற்கப்படுவதும் நாம் டிஸ்க் என்று சொல்வதும் ஒரே பொருள்தான்: சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு. அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பேட்.

1. குறைக்குப் பெயர் வையுங்கள்

"பிரேக் பத்தல" என்பது நான்கு வெவ்வேறு குறைகளுக்கு ஒரே பெயர். நான்குக்கும் மருந்து வேறு.

சில முறை அழுத்திப் பிடித்த பிறகு பெடல் மெத்தென்று கீழே போனால், ஆயில் கொதித்துவிட்டது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பருக்குள் உண்டான ஆவிக் குமிழிகளை நசுக்கவே உங்கள் காலின் விசை செலவாகிறது.

பெடல் கல்லைப் போல நிற்கிறது, ஆனால் வேகம் குறையவில்லை என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. அழுத்தம் போய்ச் சேருகிறது, உராய்வுதான் இல்லை.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால், டிஸ்க்கின் மேற்பரப்போ தடிமனோ சீராக இல்லை.

முதல் அழுத்தத்திலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கிறது, ஆனாலும் நிற்கும் தூரம் அதிகம் என்றால், குறை டயரில் இருக்கிறது. ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றாலே, டயர் தாங்குவதைவிட அதிக விசையை பிரேக் ஏற்கெனவே கொடுக்கிறது என்று பொருள். இந்த நிலையில் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் ஒற்றை நிறுத்தத்தின் தூரம் குறையாது. நல்ல டயர் வாங்குங்கள்.

2. இருப்பதைச் சரிபாருங்கள்

பழுதான காலிப்பரில் புதுப் பேட் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வீலைக் கழற்றி, காலிப்பரின் வழுக்கு ஊசிகள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பாருங்கள். இறுகியிருந்தால் உள்பக்கப் பேட் மட்டும் தேயும். பழைய பேடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். அதனால் பழைய பேடைக் கழற்றியதும் தூக்கி எறியாதீர்கள்.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனின் தூசு ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஆயில் வரும் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங் ஆடினால் வளைவுகளில் டிஸ்க் அசைந்து பேடைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த முறை அழுத்தும்போது பெடல் முதலில் வெறுமையாக இறங்கும். இதை ஆயில் கோளாறு என்று நினைத்து மீண்டும் மீண்டும் ஆயில் குழாயிலிருந்து காற்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து பாருங்கள். சாதாரண கேலிப்பர் அளவுகோல் (பிரேக் காலிப்பர் வேறு) விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பில் உட்கார்ந்து, உண்மையைவிட அதிகம் காட்டும்.

3. வெப்பத்தைக் கணக்கிடுங்கள்

பிரேக் செய்யும் வேலை ஒன்றே: ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 15 லட்சம் ஜூல். 80 கி.மீ. வேகத்தில் அது கால் பங்குதான். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். சாலையில் வருடக்கணக்கில் தொல்லை தராத பிரேக், பந்தய ட்ராக்கில் மூன்றாவது சுற்றிலேயே கைவிடுவது இதனால்தான்.

அந்த ஆற்றலில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தலா 10 கிலோ எடையுள்ள இரண்டு முன் டிஸ்க்குகள் ஒரே நிறுத்தத்தில் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஆறுவதற்குள் அடுத்த நிறுத்தம், பிறகு அதற்கடுத்தது. இந்தக் கணக்கை ஒரு முறை உங்கள் காரின் எடையை வைத்துப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் எடையும் காற்றோட்டமும் ஏன் முக்கியம், துளைகளின் அழகு ஏன் முக்கியமில்லை என்பது தானாகப் புரியும்.

ஊகத்தைவிட அளவு மேல். காலிப்பரில் ஒட்டும் வெப்பப் பட்டைகளும் டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்ப வண்ணங்களும் கிடைக்கின்றன. எட்டிய உச்ச வெப்பத்தை நிறம் மாறிக் காட்டும் இவை, பேட் தேர்வில் ஊகத்தை அகற்றிவிடும். ஓட்டி முடித்துக் காரை நிறுத்திய பிறகு வெப்பமானியைக் காட்டி எடுக்கும் அளவை நம்பாதீர்கள். அதற்குள் டிஸ்க் வெகுவாக ஆறியிருக்கும்.

4. பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

ஆயில் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும்.

டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு. டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் 155 டிகிரி. டாட் 5.1 தரத்துக்கு இவை 260, 180. பந்தயத்துக்கென்று வரும் சில திரவங்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். டப்பாவில் இரண்டு எண்களையும் படியுங்கள். சாலையிலும் ஓடும் காருக்கு இரண்டாவது எண்தான் நிஜ வாழ்க்கை.

பெயர் குழப்பும் இடம் ஒன்று உண்டு. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அது டாட் 5.1 இல்லை, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. கார் கையேடு எந்தத் தரத்தைச் சொல்கிறதோ அதற்குள்ளேயே உயர்ந்த கொதிநிலை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ட்ராக்கில் ஓட்டுபவர் வருடத்துக்கு ஒரு முறையாவது முழுவதும் மாற்ற வேண்டும். திறந்து வைத்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், மூடிக்குள் இருக்கும் காற்றின் ஈரமே அதைக் கெடுக்கும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எஃகுப் பின்னல் ஹோஸ் போடுவதென்றால் அதையும் இந்தக் கட்டத்திலேயே செய்யுங்கள். எப்படியும் ஆயிலை வடிக்கத்தான் போகிறீர்கள். பெடல் உறுதியாகும், காலுக்குச் செய்தி தெளிவாக வரும். நிறுத்தும் சக்தி மட்டும் அதிகமாகாது.

5. பேடைத் தேர்ந்தெடுங்கள்

செலவுக்கு அதிகப் பலன் தரும் படி இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

பேடைப் பிராண்டை வைத்துத் தேடாமல், வேலை செய்யும் வெப்ப வரம்பை வைத்துத் தேடுங்கள். ஒவ்வொரு கலவைக்கும் உராய்வு எண் வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோடு ஒன்று உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் அதை வெளியிடுகிறார்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: குளிர்ந்த நிலையில் எவ்வளவு பிடிக்கிறது, நடுவில் கோடு எவ்வளவு சமமாகப் போகிறது, எந்த வெப்பத்தில் விழத் தொடங்குகிறது. உச்ச எண்ணைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள்தான் அதிகம். கோடு சமமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே பிடி கிடைக்கும். காரை நம்பி ஓட்ட வைப்பது அந்தச் சீர்மை.

சாதாரண சாலைப் பேடுகள் பொதுவாக 350, 400 டிகிரி வாக்கில் தளரும். சாலைக்கும் அவ்வப்போது ட்ராக்குக்கும் ஏற்ற வேகச் சாலை வகைகள் அதைவிட மேலே தாங்கும். பந்தயப் பேடுகள் 600 டிகிரியைத் தாண்டியும் பிடிக்கும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது அவற்றில் பல வழுக்கும்.

இதில் ஆபத்தான தவறு ஒன்றை நேரில் பார்த்தேன். நண்பர் ஒருவர் முழுப் பந்தயப் பேடைப் போட்டு அன்றாடம் ஓட்டினார். காலையில் வீட்டை விட்டு இறங்கிய முதல் சந்திப்பிலேயே கார் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. பேட் பழுதில்லை, அது எதிர்பார்த்த வெப்பத்துக்குப் பக்கத்தில்கூட அந்த டிஸ்க் போகவில்லை. இதோடு கிரீச் ஓசை, வேகமான டிஸ்க் தேய்மானம், வீலில் ஒட்டி அரிக்கும் இரும்புத் தூள் என்று எல்லாமே வந்தன.

நேர்மையாகப் பங்கிட்டுப் பாருங்கள். வருடத்தில் ஓரிரண்டு ட்ராக் நாள் மட்டும் என்றால் வேகச் சாலை வகை போதும். அடிக்கடி ட்ராக் போகிறீர்கள் என்றால் இரண்டு செட் வைத்துக்கொண்டு முந்தைய நாள் மாற்றுவது நல்லது. எல்லாவற்றுக்கும் ஒரே பேட் என்று தேடி அலைந்தவர்கள் இரண்டு பக்கமும் நிறைவில்லாமல்தான் நின்றார்கள்.

பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து இயல்பு வெப்பத்தில் உராய்வு எண், இரண்டாவது அதிக வெப்பத்தில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இது சிறு துண்டை வெட்டியெடுத்துச் செய்யும் சோதனையின் முடிவு. இரண்டு எழுத்துக்கும் நடுவே பெரிய சரிவு இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே எழுத்துள்ள இரண்டு பேடுகள் ஒரே மாதிரி பிடிக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

6. டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்

ஆயிலும் பேடும் மாற்றிய பிறகும் வெப்ப அளவு எல்லையைத் தாண்டினால், அல்லது இருக்கும் டிஸ்க் தேய்ந்துவிட்டால், இந்தப் படிக்கு வாருங்கள்.

அசல் அளவிலேயே, துளையோ கோடோ இல்லாத, கார்பன் அதிகமுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் பலருக்குப் போதுமானது. பார்ப்பதற்கு ஒன்றுமே மாறாது, அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதே விட்டத்தில் இரும்பு எடை அதிகம் இருப்பது இதில்தான். வெப்பத்தை உள்வாங்குவது அந்த எடை.

கோடு வெட்டிய டிஸ்க் பேடின் மேற்பரப்பை ஓயாமல் சுரண்டிப் புதிதாக்கும். தூளையும் வாயுவையும் வெளியேற்றும், மழையில் முதல் பிடி சற்று விரைவாக வரும். பதிலுக்குப் பேட் சீக்கிரம் தேயும், மெல்லிய உறுமல் கேட்கும். ட்ராக் காருக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

துளையிட்ட டிஸ்க் எடை குறைவு, மழையில் நன்றாகப் பிடிக்கும், சாலைக்குக் குறையில்லை. ட்ராக்கில் மீண்டும் மீண்டும் சூடேறி ஆறும்போது துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். சாதாரண டிஸ்க்கை வாங்கிப் பிறகு துளை போட்டு விற்பவை இன்னும் மோசம். அவற்றில் போட்ட துளை, டிஸ்க்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே காற்றைத் தள்ளும் இதழ்களையும் வெட்டியிருக்கலாம்.

இரண்டு துண்டு டிஸ்க்கில் நடுத்தொப்பி அலுமினியம், வளையம் இரும்பு. சூடான வளையம் தொப்பியை இழுக்காமல் தனியே விரிய இடம் இருப்பதால், டிஸ்க் கிண்ணம்போல வளைவது குறைகிறது. எடையும் குறைகிறது. தேய்ந்தால் பல வகைகளில் வளையத்தை மட்டும் மாற்றலாம். வளையம் லேசாக அசையும்படி விட்ட மிதக்கும் வகையில் குளிர்ந்தபோது லேசான கலகல ஓசை வரும், அது பழுதில்லை.

கார்பன் செராமிக் மிக இலேசானது, வெப்பம் தாங்கும். அதற்கென்று செய்த பேடைத் தவிர வேறெதையும் போடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்தே அது இல்லாத காருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வளைந்த இதழ் டிஸ்க்குக்கு இடம், வலம் உண்டு. டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி அது. கார் முன்னே போகும்போது இதழின் உள்முனை முந்தியும் வெளிமுனை பின்தங்கியும் இருக்க வேண்டும். மேற்பரப்பில் வெட்டிய கோட்டின் சாய்வைப் பார்த்துத் திசையை முடிவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் இதழைப் பாருங்கள். இதே காரணத்தால், குளிர்காற்றுக் குழாய் அமைத்தால் அதன் வாய் டிஸ்க்கின் நடுவை நோக்க வேண்டும். வெளிமுகத்தில் காற்றடித்தால் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து டிஸ்க் கோணும்.

7. பெரிய டிஸ்க் என்றால்: சமநிலையும் இடமும்

முன் டிஸ்க் விட்டம் 330 மி.மீட்டரிலிருந்து 355 ஆனால், அதே காலிப்பரும் அதே அழுத்தமும் இருக்கும்போது முன் பிரேக்கின் முறுக்கு விசை ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன் டயர் முன்னதாகவே தன் எல்லையைத் தொட்டுவிடுவதால், பின் பிரேக் தன் பங்கைச் செய்யும் முன்பே ஏபிஎஸ் குறுக்கிடும். நிறுத்தும் தூரம் கூடிய கார்களும் உண்டு.

இதே கணக்கு பேடுக்கும் பொருந்தும். முன்னால் கடும் கலவை, பின்னால் பழைய பேட் என்றால் சமநிலை முன்னே போகும். பின்னால் மட்டும் கடும் கலவை போடுவது இன்னும் ஆபத்து, வளைவில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். நான்கு வீலுக்கும் ஒரே குடும்பக் கலவை போடுங்கள். மாற்றுவதென்றால் அந்தக் காருக்கென்றே கணக்கிட்ட செட்டை வாங்குங்கள்.

காலிப்பரையும் மாற்றினால் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பை அசலோடு ஒப்பிடுங்கள். பரப்பு கூடினால் அதை நிரப்ப அதிகத் திரவம் வேண்டும், பெடல் நீளமாக இறங்கும்.

வாங்கும் முன் காலிப்பரின் வரைபடத்தை அசல் அளவில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி வெட்டி, வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். விட்டம் சரியாக இருந்தும் ஆரக்கால்களில் இடிப்பதுதான் வழக்கமான ஏமாற்றம். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும்.

8. பொருத்துங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை வைக்காதீர்கள். தாங்கிகளை நிறுத்திய பிறகே வேலை.

டிஸ்க் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை எடுங்கள். ஹப்பில் ஒட்டியிருக்கும் சிறு துரு, டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பெருகிய ஆட்டமாகும். வீல் நட்டுகளால் டிஸ்க்கை இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பல கார்களுக்கு எல்லை 0.05 மி.மீ. அளவில் இருக்கும், அதாவது ஒரு தாளின் தடிமனில் பாதி. தாண்டினால் டிஸ்க்கை அடுத்த போல்ட்டுக்குத் திருப்பி வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

புது டிஸ்க்கின் மேலுள்ள காப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். துடைக்காமல் ஓட்டினால் அது பேடுக்குள் ஊறிவிடும், பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் காரிலுள்ள பிரேக் ஆயில் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள், திரும்பி வரும் ஆயிலால் அது நிரம்பி வழியலாம். பின் காலிப்பரில் கைப்பிரேக் பொறி இருந்தால் பல வகைகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சாரக் கைப்பிரேக் என்றால் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் தொடாதீர்கள், மோட்டாரும் திருகும் உடையும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி கட்டித் தொங்கவிடுங்கள்.

வழுக்கு ஊசிகளுக்கு சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். நட்டுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால், எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் என்ஜினை இயக்கி, காரை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தம் தரைவரை போகும், பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது. இதை மறந்து காரைப் பின்னால் எடுத்துச் சுவரில் மோதியவரை எனக்குத் தெரியும்.

9. பேடை டிஸ்க்கில் பழக்குங்கள்

பேட் செட் ஆக வேண்டும் என்று சொல்வது வெறும் தேய்ப்பு இல்லை. பேடின் கலவையிலிருந்து மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுவதும் சீராகப் படிய வேண்டும். படலமும் பேடும் ஒன்றையொன்று பற்றுவதில்தான் பிடியின் பெரும்பங்கு இருக்கிறது. இந்தப் படியைத் தவிர்த்தவர்கள்தான் சில வாரங்களில் "டிஸ்க் கோணிப்போச்சு" என்று வருகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் கோணவில்லை, படலம் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது.

பேட் தயாரிப்பாளரின் குறிப்பு இருந்தால் அதுவே முதன்மை. இல்லையென்றால், பின்னால் எவரும் வராத நேரான, ஆளில்லாத இடத்தில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் இப்படிச் செய்யுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, ஏபிஎஸ் வராத அளவு உறுதியாக, 8 முதல் 10 முறை பிரேக் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு உடனே வேகமெடுங்கள். நடுவில் ஒருமுறைகூட முழுவதும் நிற்கக் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த வடிவத்திலேயே கலவை ஒட்டிக்கொள்ளும்.

பிறகு 10, 15 நிமிடம் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். நிறுத்தும்போது கைப்பிரேக் போடாமல் கியரில் வைத்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். பந்தயப் பேடுக்கு முழுவதும் ஆறிய பிறகு இரண்டாவது சுற்றும் தேவைப்படலாம். டிஸ்க் சீரான நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் செட் ஆகிவிட்டது.

வேறு கலவைக்கு மாறும்போது பழைய படலத்தை உப்புத்தாளால் எடுத்துவிட்டு மீண்டும் பழக்குங்கள். இரண்டு வகைக் கலவையும் ஒன்றன் மேல் ஒன்று கலந்தால் உதறல் வரும்.

10. முதல் ட்ராக் நாளில் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். உள்ளே வந்து உடனே நிறுத்தினால், ஓடும்போது கிடைத்த காற்று நின்றுபோய், டிஸ்க்கின் வெப்பம் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் ஏறும். பலருக்கு ஆயில் கொதிப்பது ட்ராக்கில் ஓடும்போது இல்லை, நிறுத்தி வைத்த அந்தப் பத்து நிமிடத்தில்.

ஆறிய பிறகு டிஸ்க்கைக் கவனியுங்கள். மயிரிழை போன்ற மேற்பரப்புக் கோடுகள் இயல்பு. நகம் மாட்டும் ஆழமுள்ள விரிசலோ, விளிம்பைத் தொட்ட விரிசலோ, இரண்டு துளைகளை இணைக்கும் விரிசலோ இருந்தால் அந்த டிஸ்க்கோடு மீண்டும் ட்ராக்கில் இறங்காதீர்கள்.

பேடின் தடிமனையும் அளந்து எழுதி வையுங்கள். சாலையில் 3 மி.மீ. வரை ஓட்டுபவர்கள் உண்டு, ட்ராக்கில் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுவேன். பேட் மெலிய மெலிய டிஸ்க்கின் வெப்பத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள தடுப்பும் மெலிகிறது, புது ஆயிலும் கொதிக்கத் தொடங்கும். வீல் நட்டுகளை அன்றே, ஆறிய பிறகு, டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை பாருங்கள்.